குழாய் அந்தப் பக்கம் இருந்துச்சு, தம்பி

சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலையைத்தான் பிடிக்கிறார்கள். சிரம்பானைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். ரந்தாவ், சிலியாவ், லிங்கி என்று சுற்றிப்போகும் உட்சாலைகளுக்குள் யாரும் அவ்வளவாக நுழைவதில்லை. வளைவுகள் அதிகம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்தால், முந்தவும் முடியாது. ஆனால் நெகிரி செம்பிலான் தோட்டங்களைப் பார்க்க வேண்டும் என்றால் இந்தச் சாலைகள்தான். லின்சம், சகா, பிராட்வால், சுவா பெத்தோங் என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்ட பெயர்களெல்லாம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், முதல் முறை எனக்கும் பதில் தெரியவில்லை. இரண்டு பக்கமும் செம்பனை. நடுவில் ஒரு செம்மண் பாதை பிரியும். அதன் முனையில் சூலம் நட்ட ஒரு முனியாண்டி. உள்ளே போனால் மாரியம்மன் கோயில், பூட்டிய ஆயா கொட்டகை, இடிக்கப்பட்டதும் இடிக்கப்படாததுமாக லயத்து வீடுகள். முப்பது வருடங்களுக்கு முன் இங்கே நின்ற ரப்பர் மரங்களில் ஒன்றையாவது பார்க்கலாம் என்றால், கோயிலுக்குப் பின்னால் போய்த் தேட வேண்டும்.

கடந்த சில மாதங்களில் இந்தச் சாலையில் ஐந்து முறை போய்வந்துவிட்டேன். காரணம் ஓர் ஓவியர். வானொலி நிகழ்ச்சிக்குப் பேட்டி எடுக்கப் போனேன். பேட்டி ஒலியேறி முடிந்த பிறகும் போய்க்கொண்டிருந்தேன். அவருக்கு வயது ஐம்பத்தாறு. பகலில் சிரம்பானில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்து கொடுக்கிறார். இரவில் வரைகிறார். நாற்பது ஆண்டுகளாக வரைகிறவருக்கு இப்போதுதான் முதல் தனிக் கண்காட்சி. அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அங்கே ஏழு குடும்பங்கள் மாற்று வீட்டுக்காக இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்த கதைதான். “என் படத்தால அவங்க பேச்சு கெட்டுப்போயிடக் கூடாது, தங்கச்சி” என்றார். ஆகவே, நேரில் கூப்பிடுகிற மாதிரியே, அண்ணன் என்று எழுதிவிடுகிறேன்.

முதல் பயணத்தில் ரந்தாவில் ஓர் ஒட்டுக்கடையில் பசியாறிவிட்டு உள்ளே போனோம். காரை விட்டு இறங்கியதும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். விளையாட்டுக்கு என்று நினைத்தேன். இல்லை. செம்பனை வரிசை அவருடைய கணக்கைக் குழப்புகிறதாம். கண்ணை மூடினால்தான் பழைய வழி கால்களுக்குப் பிடிபடுகிறது. இருபது முப்பது அடி நடந்து நின்று, “இதுதான் பெரட்டுக் களம்” என்றார். எனக்குத் தெரிந்தது ஒரு புல்தரை, ஓரத்தில் உரச் சாக்குகள், அவ்வளவுதான்.

பெரட்டு என்ற சொல் இளைய வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம். விடிவதற்கு முன்பே தொழிலாளர்கள் ஒரு களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி பெயர் கூப்பிடுவார், தண்டல் நிரை பிரித்துக் கொடுப்பார். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் எல்லாமே இருட்டில் நடக்கும். தலையில் விளக்கு, இடுப்பில் உளி, தோளில் காண்டாக் கம்பும் வாளிகளும். அண்ணனின் அம்மா பதினான்கு வயதில் அந்தக் களத்தில் நிற்கத் தொடங்கியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோதுதான் நிற்பதை விட்டார். இப்போது எழுபத்தெட்டு வயது. சிரம்பானில் மகன் வீட்டில், ஏழாவது மாடியில் இருக்கிறார். அலாரம் இல்லாமலே இன்றும் நாலு மணிக்கு எழுந்துவிடுகிறார் என்று மருமகள் அலுத்துக்கொண்டார்.

கண்காட்சியில் மொத்தம் இருபத்திரண்டு படங்கள். மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பெரிய படத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். ஐந்தடி அகலத்தில் நீர்வண்ணம். பெரட்டுக் களம், விடியாத நேரம், நாற்பத்துமூன்று பேர். யாருமே கற்பனை ஆள் இல்லை. அம்மாவை உட்காரவைத்து, யார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்று கேட்டுக் கேட்டு வரைந்தது. இருட்டுக்குள் முகங்கள் அரைகுறையாகத்தான் தெரியும். ஒவ்வொரு தலையிலும் ஒரு வெளிச்சப் புள்ளி மட்டும் பளிச்சென்று இருக்கும்.

அந்த வெளிச்சத்தை அவர் எப்படிக் கொண்டுவந்தார் என்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தக் கட்டுரை எழுதத் தோன்றியது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பூசுகிற நிறமில்லை, மிச்சம் வைக்கிற தாள். முதலிலேயே அந்த இடத்தை மூடிக் காப்பாற்றிவிட வேண்டும். அதற்கு மாஸ்கிங் ஃபுளூயிட் என்று ஓவியப் பொருள் கடைகளில் சின்னப் போத்தலில் விற்கிறார்கள். விலை கொஞ்சம் அதிகம். போத்தலைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி. எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. பின்னால் நாற்காலியில் இருந்த அம்மா, “யாருடா ஸ்டோர்ல இருந்து பால் கொண்டாந்தது?” என்று கேட்டார்.

அது ரப்பர் பால்தான். உறைந்துவிடாமல் இருக்க, தோட்டத்து ஸ்டோரில் பாலில் கலக்கிற அதே அமோனியாவைத்தான் இதிலும் கலக்கிறார்கள். தூரிகையை முதலில் சவர்க்காரத்தில் தோய்த்துக்கொண்டு, விளக்கு எரிய வேண்டிய இடங்களிலெல்லாம் அந்தப் பாலைச் சொட்டு வைக்கிறார். காய்ந்ததும் அதன் மேலேயே இருட்டைப் பூசுகிறார். வண்ணம் உலர்ந்த பிறகு விரலால் தேய்த்து உரித்தால், ஒட்டுப்பால் மாதிரியே சுருண்டு வருகிறது. அடியில் தாள் வெள்ளையாக இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: நம் ஊர் வெக்கையில் இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டால் பால் தாளோடு ஒட்டிக்கொள்ளும். உரித்தால் தாளும் சேர்ந்து கிழியும். அப்படிக் கிழிந்த ஒரு தாளைச் சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறார்.

உரிக்கும் வேலையை அம்மாவிடம் கொடுத்தார். கண் சரியாகத் தெரியாத அந்த அம்மா, கட்டைவிரலாலேயே தடவிப் பார்த்து நாற்பத்துமூன்று விளக்கையும் ஏற்றி முடித்தார். கட்டைவிரலில் உளி பிடித்த தழும்பு இன்னும் தடிப்பாக இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சின்னத் தகவல். ரப்பருக்கு ரப்பர் என்ற பெயர் கிடைத்ததே படம் வரைகிறவர்களால்தான். 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேய அறிவியலாளர், தூரத்தையும் அண்மையையும் தாளில் எப்படி வரைந்து காட்டுவது என்பதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்க அருமையான ஒரு பொருள் கிடைக்கிறது என்று அதில் குறிப்பிட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் தேய்ப்பதற்கு உரிய சொல்லே பொருளுக்கும் பெயராகிவிட்டது. மோட்டார் வண்டிக்கு டயர் வந்தது எல்லாம் அதற்கு நூறு வருடங்களுக்கும் மேல் கழித்து. 1876இல் பிரேசிலிலிருந்து விதை லண்டனுக்குப் போனது. 1877இல் அந்த விதையில் முளைத்த கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பிறகு மலாயா முழுக்கப் பரவி, கங்காணிகள் நம் முன்னோரைக் கப்பலேற்றினார்கள். அழிப்பதற்குப் பயன்பட்ட பொருள், அண்ணன் கையில் வெளிச்சத்தை அழியாமல் காப்பாற்றுகிற வேலையைச் செய்கிறது. இதைச் சொன்னபோது, “நல்லாத்தான் இருக்கு, வானொலியில பேசுற மாதிரியே இருக்கு” என்று சிரித்தார். பாராட்டா கிண்டலா என்று இன்னும் யோசிக்கிறேன்.

இவர் எங்கே ஓவியம் கற்றார்? எங்கும் இல்லை என்பதுதான் பதில். ஆனால் எங்கே பார்த்தார் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1958இல் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த தேசிய ஓவியக்கூடம், 1984இல் பழைய மெஜஸ்டிக் ஹோட்டல் கட்டடத்துக்கு மாறியது. கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே. 1986இல் பதினேழு வயதுப் பையனாக, வேலை தேடி ரயிலேறி வந்த அண்ணன், நிலையத்துக்கு வெளியே பெருமழை பிடித்ததால் சாலையைத் தாண்டி ஓடி அந்தக் கட்டடத்தில் ஒதுங்கியிருக்கிறார். மழை விட்ட பிறகும் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு, சம்பளம் வந்த மாதமெல்லாம் ஒரு நாள் சிரம்பானிலிருந்து ரயில். இன்று தேசிய ஓவியக்கூடம் ஜாலான் துன் ரசாக் பக்கம் இருக்கிறது. மெஜஸ்டிக் மறுபடியும் ஹோட்டலாகிவிட்டது. அண்ணனுக்கு அந்தப் பழைய இடம்தான் பள்ளிக்கூடம்.

அங்கே நம்மவர்கள் யாராவது இருந்தார்களா என்று கேட்டேன். இருந்தார்கள். பினாங்கில் பிறந்த நிர்மலா சண்முகலிங்கம் 1973லேயே டமன்சாராவில் குவிந்த குப்பையைப் படம்பிடித்து அதையே கலைப்படைப்பாக வைத்து, தேசிய அளவில் பரிசு வாங்கியவர். இராமநாதபுரத்து அழகன்குளத்தில் பிறந்து பினாங்குக்கு வந்த சையது தாஜுதீன், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு இராமாயணக் காட்சிகளைப் பெரிது பெரிதாக வரைந்தார். ஜொகூரில் பிறந்து சட்டம் படித்த அனுரேந்திரா ஜெகதேவா பின்னாளில் மலேசிய இந்தியர்களையே கருவாக எடுத்துக்கொண்டார். பால் வெட்டுகிற பெண்களைப் பாத்திக்கில் வரைந்தவர் பினாங்கின் சுவா தியான் தெங். நம் சிரம்பானிலும் ஒருவர் உண்டு: லாய் ஃபூங் மொய், இங்கே 1931இல் பிறந்து 1950களிலேயே பாரிஸ் போய் ஓவியம் படித்த பெண்மணி.

போர்ட்டிக்சனைச் சொல்லும்போது சிம்ரின் கில்லை விட்டுவிட முடியாது. சிங்கப்பூரில் பிறந்து போர்ட்டிக்சனில் வளர்ந்தவர். 2013இல் வெனிஸ் கலைவிழாவில் ஆஸ்திரேலியாவின் சார்பில் பங்கேற்றார். போர்ட்டிக்சனில் கட்டி முடித்துக் கைவிடப்பட்ட ஒரு வீடமைப்புப் பகுதிக்குள் திரும்பத் திரும்பப் போய்ப் புகைப்படம் எடுத்து ஒரு தொடரே செய்திருக்கிறார். சன்னல்களின் அலுமினியச் சட்டங்களைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போக, கண்ணாடிகள் மட்டும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். நாம் கடலுக்குப் போகும் வழியில் கண்ணில் பட்டும் படாமலும் போகும் காட்சிதான் அது.

அண்ணனுக்கு இவர்கள் எல்லார் மீதும் மரியாதை உண்டு. ஆனால், “எங்க பெரட்டுக் களம் எதுலயும் இல்ல. தேடிப் பார்த்துட்டேன்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. வேலை ஒன்று பாக்கி இருக்கிறது என்பது போலச் சொன்னார்.

கண்காட்சிக்கு முந்தைய இரண்டு வாரம் எல்லாம் கணக்கு வழக்கு. சட்டம் போடக் கண்ணாடியா, அக்ரிலிக்கா? கண்ணாடி என்றால் பெரிய படத்தை இரண்டு பேர் சேர்ந்தும் மாடிக்குத் தூக்க முடியாது. ஈரப்பதத்தில் தாளில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கப் பின்னால் என்ன அட்டை வைப்பது? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விலை. கடைசியில் படங்கள் வரைய ஆன செலவைவிடச் சட்டம் போட ஆன செலவு அதிகம். அண்ணி தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “ஒரு படமாவது விக்கலன்னா தீபாவளிக்கு சட்டத்தத்தான் உடுத்திக்கணும்” என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

காட்சிக்கூடம் சிரம்பான் பழைய கடைவீதியில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. நடத்துபவர் ஒரு சீனப் பெண்மணி. பொறுமைசாலி. படம் மாட்டும் நாளில்தான் இருவருக்கும் சின்ன உரசல். ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 சென்டிமீட்டர் அளவில் வர வேண்டும் என்பது காட்சிக்கூடங்களில் பொதுவான வழக்கம். சராசரி ஆளின் கண்மட்டம் அது. அண்ணன் 125 போதும் என்றார். அசிங்கமாக இருக்கும் என்றார் அந்த அம்மையார். “வர்றவங்க எங்க ஆளுங்க. பாதிப் பேரு காண்டா தூக்கிக் கூனிப்போனவங்க. மீதிப் பேரு நாற்காலியில உட்கார்ந்துதான் பாப்பாங்க” என்று அண்ணன் மலாயில் விளக்கினார். அந்த அம்மையார் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தானே ஏணியில் ஏறி ஆணிகளைப் பிடுங்கினார். இருபத்திரண்டு படங்களுக்கும்.

திறப்பு விழா சனிக்கிழமை மாலை ஏழரைக்கு. தோட்டத்து ஆள்கள் ஐந்தரைக்கே வந்துவிட்டார்கள்.

கோயில் கமிட்டி ஒரு பள்ளிப் பேருந்தைப் பேசிப் பிடித்திருந்தது. லயத்தில் இன்னும் இருப்பவர்கள், நீலாய்க்கும் செனாவாங்குக்கும் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள், பிள்ளைகளோடு கோலாலம்பூர் போய்விட்டவர்கள் என்று நாற்பது பேருக்கு மேல். பெண்கள் பட்டுச்சேலை, பூ. கல்யாணத்துக்குப் போல. குறுகலான படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறினார்கள். கைத்தடிகள் மரப்படியில் தட்டும் சத்தத்தை நான் கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டேன். வானொலிக்காரிக்கு அது ஒரு வியாதி. அம்மாவை இரண்டு பேரன்கள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள்.

மேலே வந்ததும் கொஞ்ச நேரம் யாரும் படங்களின் பக்கம் போகவில்லை. குளிர்சாதனத்துக்குக் கீழே, சுவரை ஒட்டி, கூட்டமாக நின்றார்கள். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். வேண்டாம் பாட்டி என்றேன். ஆனாலும் கழற்றிவிட்டார்.

தொடங்கிவைத்தவர் முன்னாள் தண்டல் ஒருவர். எண்பது வயதைத் தாண்டியவர், குரல் மட்டும் தேயவில்லை. பெரிய படத்தின் முன்னால் போய் நின்றவர், கைத்தடியை நீட்டி, “இது யாரு, சின்னப்பொண்ணா? இவ என்ன முன்னுக்கு நிக்கிறா? ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திருக்காளா இவ?” என்றார். ஒரே சிரிப்பு. அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது.

“இவருக்கு மீசை கெடையாது.”

“அது கலியாணத்துக்கு அப்புறம்டி. அப்பல்லாம் வச்சிருந்தாரு.”

“ஆயா கொட்டகைக் கூரை தகரம் இல்ல, தம்பி. எங்க காலத்துல அத்தாப்பு.”

“குழாய் அந்தப் பக்கம் இருந்துச்சு, தம்பி. இடது பக்கம். நான் அங்கதானே வழுக்கி விழுந்து கைய ஒடச்சுக்கிட்டேன்!”

சொன்ன பாட்டி சேலைத் தலைப்பை விலக்கி, முழங்கைக்குக் கீழே கோணலாகச் சேர்ந்திருந்த எலும்பைக் காட்டினார். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? குழாயைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் விவாதம். இடது என்று ஒன்பது பேர், வலது என்று மூன்று பேர். வலது என்றவர்களில் அண்ணனின் அம்மாவும் ஒருவர். கடைசியில் அவரும் யோசித்து, “ஆமா, கெணத்துக்குப் பக்கத்துல... இடதுதான்” என்று இறங்கி வந்தார். அண்ணன் விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே இருந்தார். ஏழரைக்கு நகரத்து விருந்தினர்கள் வந்தபோது ஓவியர் தரையில் சம்மணம் போட்டு எழுதிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அவரைத் தாண்டிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

ஒரு படத்தின் முன்னால் மட்டும் யாரும் திருத்தம் சொல்லவில்லை. ஒரு லோரி, பின்பக்கத்தில் ஆண்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். கீழே மண்ணில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஜப்பான்காரன் காலத்தில், 1942லிருந்து, சயாம் ரயில்பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப் போனதைத்தான் அண்ணன் வரைந்திருந்தார். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர். பல்லாயிரம் தமிழர்கள் அங்கேயே முடிந்துபோனார்கள். அந்த லோரியைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இந்தக் கூட்டத்தில் இல்லை. எல்லாருக்கும் சொல்லிக் கேட்டதுதான். இரண்டு பேர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

எட்டு மணிக்கு மேல் படங்கள் விற்கத் தொடங்கின. விற்ற படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சிவப்பு வட்ட ஒட்டி வைப்பது காட்சிக்கூட வழக்கம். அந்த அம்மையார் முதல் ஒட்டியை மாரியம்மன் கோயில் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியதும் பாட்டிமார் மத்தியில் ஒரு மலர்ச்சி. “பொட்டு வைக்கிறாங்க பாரு!” நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார்கள். ஒரு வகையில் நல்லதுதான். அண்ணிக்கு ரொம்பவே நல்லது. ஆனால் பொட்டு வைத்த படம் அந்தந்த வீட்டுக்குப் போய்விடும், திரும்பப் பார்க்க முடியாது என்று பேரன் ஒருவன் விளக்கியதும் பாட்டிமார் முகம் மாறிவிட்டது. “அப்ப எதுக்குக் கூட்டியாந்தான் எங்கள?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அண்ணனுக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் பெரிய படத்தைக் கேட்டு ஒருவர் வந்தார். சிரம்பான் வட்டாரத்தில் வீடு கட்டி விற்கிற ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறவர், தமிழர்தான், மரியாதையாகப் பேசினார். புதிய விற்பனைக் கூடத்தின் வரவேற்பறையில் மாட்ட வேண்டுமாம். “இடத்தோட பாரம்பரியம்” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் பக்கத்தில் நின்ற இளைஞன் ஒருவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். விலை எட்டாயிரம் வெள்ளி. அண்ணனின் மூன்று மாதச் சம்பாத்தியத்துக்குக் கிட்ட.

விற்கக் கூடாது என்பதே என் கருத்து. இன்றும் அதுதான். லயத்தை இடிக்கிற இடத்தில் வீடு விற்க, லயத்துப் படத்தையே தோரணம் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணனும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு நேராக அம்மாவிடம் போய் மண்டியிட்டு விஷயத்தைச் சொன்னார்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, “அங்க மாட்டுறாங்களா? மாட்டட்டுமே. நம்ம ஆளு நாப்பத்துமூணு பேரும் அந்த எடத்துல நிக்கட்டும். வீடு வாங்க வர்றவன் எல்லாம் இவங்களத் தாண்டித்தான் உள்ள போகணும்” என்றார். சற்றுப் பொறுத்து, “அதுல குழாய்தான் தப்பா இருக்கே. தப்பான குழாய அவங்களுக்குக் குடு. நமக்குச் சரியா ஒண்ணு போடு” என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கணக்காகத்தான் சொன்னார் என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். நீர்வண்ணத்தில் பூசிய இருட்டுக்குள் வெள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். குழாயை இடம் மாற்ற வேண்டுமென்றால் முதலிலிருந்து வேறு தாளில்தான் தொடங்க வேண்டும். பாலை உரித்த கைக்கு அது தெரியாதா?

ஒன்பது மணிக்குப் பேருந்து கிளம்பிவிட்டது, ஓட்டுநர் மறுநாள் காலையில் பினாங்கு போக வேண்டுமாம். அண்ணி செய்துகொண்டு வந்த வடையில் மிச்சமிருந்ததைப் பொட்டலம் கட்டி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். கீழே தெருவில் நின்று பாட்டிமார் இன்னும் குழாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வலது கட்சி மூன்றில் ஒருவர் கடைசிவரை மசியவில்லை.

போன வாரம் மறுபடியும் சிரம்பானுக்குப் போனேன். கண்காட்சி முடிந்து, பெரிய படம் விற்பனைக் கூடத்துக்குப் போய்விட்டது. மாற்று வீட்டுப் பேச்சில் மாற்றம் எதுவும் இல்லை. ஏழு குடும்பங்களும் அங்கேயே இருக்கின்றன. வீட்டில் சாப்பாட்டு மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புதிய தாளை விரித்திருந்தார் அண்ணன். இது கோயில் மண்டபத்துக்கு. கமிட்டி சுவரில் இடம் ஒதுக்கிவிட்டது, கண்மட்டம் 125தான். பென்சில் கோடுகள் முடிந்துவிட்டன. ஆயா கொட்டகைக்கு அத்தாப்புக் கூரை, இடது பக்கம் குழாய். சின்னப்பொண்ணு கடைசி வரிசைக்குப் போயிருந்தார்.

நாங்கள் போனபோது பதினாறு விளக்குகளுக்குப் பால் வைத்திருந்தார். அமோனியா நெடி வீடு முழுக்க. அம்மா நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கோப்பியைக் குடித்து முடிக்கும் முன்பே அண்ணன் எங்களைக் கிளப்பிவிட்டார். வெக்கை அதிகமாக இருக்கிறது, பால் தாளைப் பிடித்துக்கொள்வதற்குள் இருட்டைப் பூசியாக வேண்டுமாம்.